நிலவின் நீருக்கும் ஓர் ஏரி வாரியம்

“குடிக்க ஒரு குடம் தண்ணீருக்கு வழியில்லை, இவர்கள் நிலவில் போய்த் தண்ணீர் தேடுகிறார்களாம்!” இந்த ஏளனத்தைக் கேட்காத தேநீர்க் கடை தமிழகத்தில் இராது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் இதற்குத் தக்க சாட்சியமும் கிடைத்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு தரை தெரிந்தது. ஜூலை 12-ஆம் நாள், 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட இரயில் வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. சரியாகப் பத்து நாள் கழித்து, ஜூலை 22-ஆம் நாள், சென்னைக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-2 விண்ணேறியது. அது தேடிச் சென்றவற்றுள் நிலவின் நீரும் ஒன்று. ஒருபுறம் தண்ணீர் இரயில். மறுபுறம் தண்ணீர் தேடும் ராக்கெட். எள்ளி நகையாடுவோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆயினும் இந்த ஏளனத்தை நாம் ஏற்பதற்கில்லை. முதற்கண் கணக்கைப் பார்ப்போம். 2023-இல் நிலவில் இறங்கி வெற்றி கண்ட சந்திரயான்-3 திட்டத்திற்கு ஆன செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய். 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் மதுக்கடைகளால் தமிழக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதாவது, நம் மக்கள் ஐந்தே நாளில் அரசுக்குக் குடித்துக் கொடுக்கும் தொகையில் ஒரு நிலவுப் பயணம் முடிந்துவிடுகிறது. ராக்கெட்டைக் கேள்வி கேட்பவர்கள் முதலில் இந்த ஐந்து நாள் கணக்கைக் கேட்கட்டும்.

அடுத்து, நம் ஏரிகள் ராக்கெட்டுக்குப் பணம் போனதால் வறளவில்லை. வரத்துக் கால்வாயை வளைத்து மனை போட்டோம், வறண்டது. தூர் எடுப்பதாகக் கணக்கெழுதி, எடுக்காமல் விட்டோம், வறண்டது. பாலாற்று மணலைச் சுரண்டினோம்; ஊற்று அற்றது. ஏரிக்குள்ளேயே பேருந்து நிலையமும் குடியிருப்பும் எழுப்பினோம். 2015-இல் மழை வந்தபோது நீர் தன் பழைய இடத்தைத் தேடி வீட்டுக்குள் வந்தது. பஞ்சத்திற்கும் வெள்ளத்திற்கும் காரணம் ஒன்றே: பொதுவாக இருந்த நீரைக் காவலற்றதாக ஆக்கிவிட்டோம். நிலவுக்கு ஒரு காசு செலவிடாமல் இருந்திருந்தாலும் இந்தக் கதை மாறியிராது.

ஆகவே, “நிலவில் ஏன் தண்ணீர் தேடுகிறாய்?” என்பது பிழையான கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதை ஏளனம் செய்வோரும் கேட்கவில்லை, கைதட்டுவோரும் கேட்கவில்லை. தேடிக் கண்ட அந்தத் தண்ணீர் யாருடையது?

கண்டது என்ன?

கேள்வி விளங்க வேண்டுமாயின், கண்டது யாது என்பதைச் சுருங்கச் சொல்லியாக வேண்டும்.

நிலவு எலும்பைப்போல் உலர்ந்தது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 2008 அக்டோபர் 22 அன்று, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-1 புறப்பட்டது. அதில் பொருத்தப்பட்டிருந்த அமெரிக்கக் கருவியொன்று நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகளின் தடயத்தைக் கண்டதை 2009 செப்டம்பரில் உலகறிந்தது. அடுத்த மாதமே அமெரிக்கர் ராக்கெட்டின் காலிப் பகுதியொன்றைத் தென்துருவத்தருகே உள்ள கேபியஸ் என்னும் பள்ளத்தில் மோதவிட்டு, எழுந்த புழுதியை அளந்தனர். அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு நீராக இருந்தது. சந்திரயான்-1 தந்த தரவுகளையே மீண்டும் ஆராய்ந்து, துருவப் பள்ளங்களில் பனிக்கட்டி வெளிப்படையாகவே கிடப்பதை 2018-இல் உறுதி செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் தலைமையில் உருவான சந்திரயான்-3 தென்துருவப் பகுதியை நெருங்கித் தரையிறங்கியது. நிலவுநீரின் வரலாற்றில் தமிழ்ப் பெயர்கள் இத்துணை நெருக்கமாக இடம் பெற்றிருப்பது நமக்குப் பெருமை. பெருமையைவிட அது ஒரு பொறுப்பு என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

நிலவின் நீர் கதையின் தொடக்கமே. 1610 சனவரியில் கலிலேயோ வியாழனைச் சுற்றிக் கண்ட நான்கு நிலவுகளுள் ஒன்று யூரோப்பா. நம் நிலவைவிடச் சற்றே சிறியது; மேலெல்லாம் பனிக்கட்டி ஓடு. 1979-இல் வாயேஜர் விண்கலங்கள் அந்த ஓட்டின் விரிசல்களைப் படம் பிடித்தன. 1995 முதல் வியாழனைச் சுற்றிய கலிலேயோ விண்கலம் காந்தப்புல அளவீடுகளால் ஓட்டின் அடியில் உப்புக்கடல் உண்டென்பதற்கு வலுவான சான்று தந்தது. நம் புவியின் கடல்கள் அனைத்தையும் சேர்த்தாலும் அதில் பாதிதான் தேறும் என்று மதிப்பிடுகிறார்கள். சூரியனுக்கு 78 கோடி கிலோமீட்டர் அப்பால், அந்தக் கடும் குளிரில் நீர் உறையாமல் இருப்பதெப்படி? வியாழனின் ஈர்ப்பு அந்த நிலவை ஓயாது இழுத்தும் தளர்த்தியும் பிசைகிறது. பிசையப் பிசைய உள்ளே சூடேறுகிறது. சனியைச் சுற்றும் என்செலடஸ் இன்னும் வியப்பு. குறுக்களவு வெறும் 500 கிலோமீட்டர். அதன் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டெழுவதை 2005-இல் காசினி விண்கலம் கண்டது. அத்துகள்களில் உப்பும் கரிமப் பொருள்களும் மட்டுமன்றி, உயிருக்கு இன்றியமையாத பாஸ்பேட்டும் இருப்பதாக 2023-இல் அறிவித்தார்கள். இத்தகைய பனி நிலவுகளின் உள்ளே நீர்க்கடல் இருக்கலாம் என்பதைக் கணக்கிட்டுச் சொன்ன தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று, கை கொன்சல்மாக்னோ என்னும் இளைஞர் 1975-இல் அமெரிக்காவில் எழுதிய பட்ட ஆய்வேடு. பின்னர் இயேசு சபைச் சகோதரராகி, வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராகப் பத்தாண்டு பணியாற்றியவர் அவரே.

இன்று அந்த நிலவுகளை நோக்கி இரண்டு கலங்கள் வழியில் இருக்கின்றன. 2023 ஏப்ரலில் புறப்பட்ட ஐரோப்பியரின் ‘ஜூஸ்’ 2031-இலும், 2024 அக்டோபரில் புறப்பட்ட அமெரிக்கரின் ‘யூரோப்பா கிளிப்பர்’ 2030-இலும் வியாழனை அடைய வேண்டும்.

எதற்காக அந்த நீர்?

தாகம் தீர்க்க மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். நீரைப் பிரித்தால் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கிடைக்கும். ஆக்சிஜன் மூச்சுக்கு, இரண்டும் சேர்ந்தால் ராக்கெட்டுக்கு எரிபொருள். புவியின் ஈர்ப்பை வென்று ஒரு லிட்டர் நீரை மேலே கொண்டுபோக ஆகும் செலவு மலைபோன்றது. அங்கேயே கிடைக்குமானால், நிலவு ஒரு எரிபொருள் நிலையம் ஆகிவிடும்; அதைக் கையில் வைத்திருப்பவன் செவ்வாய்க்கும் அப்பாலுக்கும் போகும் பாதைக்குச் சுங்கச் சாவடி வைத்தவன் ஆவான். நாடுகள் பலவும் தென்துருவத்தையே குறிவைப்பதன் சூட்சுமம் இதுதான்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் பதிக்க வேண்டும். நம் ஏரி வடகிழக்குப் பருவமழையில் ஆண்டுதோறும் நிறையும். நிலவின் பள்ளத்திற்குப் பருவமழை இல்லை. சூரிய ஒளி ஒருபோதும் படாத அந்தக் குழிகளில், சுழியத்திற்குக் கீழே 200 டிகிரிக்கும் மேற்பட்ட குளிரில், கோடானுகோடி ஆண்டுகளாகச் சேர்ந்து உறைந்த நீர் அது. எடுத்தால் எடுத்ததுதான். நம் தலைமுறை அள்ளிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது இல்லை. அத்துடன், அடுக்கடுக்காகப் படிந்த அந்தப் பனியில் நிலவின், ஒருவேளை நம் புவியின் நீருக்கும்கூட, பழைய வரலாறு எழுதப்பட்டிருக்கலாம். படிக்கும் முன்பே ஓலையை அடுப்பெரிக்கப் போகிறார்கள்.

எடுத்தவனுக்கே சொந்தமா?

1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை நல்லதொரு நெறியை வகுத்தது. விண்வெளி ஆய்வும் பயன்பாடும் மானிடம் அனைத்திற்கும் உரிய துறை. எந்த நாடும் நிலவையோ பிற கோள்களையோ தன்னுடையது என்று உரிமை கொண்டாடலாகாது. 1979-இல் வந்த நிலவு உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்று, அங்குள்ள வளங்கள் மானிடத்தின் பொதுச் சொத்து என்றது. இந்தியா 1982-இல் அதில் கையொப்பமிட்டது. ஆனால் இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. விண்வெளிப் பயணத்தில் முன்னிற்கும் வல்லரசுகள் எதுவும் அதில் சேரவில்லை. சேர்ந்த நாடுகள் இருபதைக்கூட எட்டவில்லை.

பின்னர் நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். 2015-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அதன் சாரம் இது: நிலவு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அங்கிருந்து எடுத்த பொருள் எடுத்தவனுக்குச் சொந்தம். லக்சம்பர்க்கும் ஐக்கிய அரபு அமீரகமும் ஜப்பானும் அடுத்தடுத்து இதே வழியில் சட்டம் செய்தன. 2020-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, நிலவு மண்ணைத் தனியாரிடம் விலைக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. ஒரு நிறுவனம் கேட்ட விலை என்ன தெரியுமா? ஒரே ஒரு டாலர்! மண்ணுக்காகவா இந்த வியாபாரம்? நிலவின் மண்ணை விற்கலாம், வாங்கலாம் என்ற வழக்கத்தை உலகில் நிலைநாட்டுவதற்கே. ஒரு டாலர் கொடுத்து ஒரு முன்மாதிரியை வாங்கினார்கள். அதே ஆண்டில் உருவான ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தம், வளங்களை எடுப்பது தன்னளவில் நில உரிமை கொண்டாடல் ஆகாது என்கிறது. பணி நடக்கும் இடத்தைச் சுற்றிப் ‘பாதுகாப்பு வட்டம்’ அமைக்கவும் இடம் தருகிறது. 2023 ஜூன் 21 அன்று இந்தியாவும் அதில் கையொப்பமிட்டது. இரண்டு மாதம் கழித்துச் சந்திரயான்-3 இறங்கியபோது ஊரெல்லாம் இனிப்பு வழங்கியது. கையொப்பத்தைப் பற்றி ஒரு திண்ணையில்கூட எவரும் பேசக் கேட்டதில்லை. மறுபக்கம், சீனமும் உருசியாவும் 2021-இல் தமக்கென ஒரு நிலவுத் தளத் திட்டத்தை அறிவித்து வேறொரு அணி திரட்டுகின்றன. இரண்டு அணிகள், ஒரே பள்ளம்.

‘நிலம் பொது, எடுத்த நீர் என்னுடையது’ என்னும் இந்த நியாயம் நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்க்காரருக்கு இதன் முடிவு நன்றாகத் தெரியும்.

ஆழ்துளைக் கிணறு கற்பித்த பாடம்

நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. என் கழனிக்கு அடியில் ஓடும் ஊற்று அடுத்தவன் கழனிக்கு அடியிலும் ஓடுகிறது. ஆனால் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் காலந்தொட்டு, தன் நிலத்தில் தோண்டி எடுப்பவனுக்கே நீர் என்பது நடைமுறையாயிற்று. கையில் பணமுள்ளவன் நூறடி இறக்கினான். அடுத்தவன் கிணறு வற்றியது. அவன் கடன் வாங்கி முந்நூறு அடி இறக்கினான். இவன் அறுநூறு அடிக்குப் போனான். கடைசியில் மோட்டார் வாங்க வழியற்ற சிறு உழவன் கமலைக் கிணற்றின் உலர்ந்த வாயைப் பார்த்து நின்றான். பிறகு தண்ணீர் லாரி வந்தது. கழனிக்குப் பாய்ந்த நீர் நகரத்து அடுக்ககங்களுக்கு விலையாகிப் போனது. நெல் விளைந்த நிலம் தரிசாக, அதன் அடியிலிருந்த நீர் புட்டியில் அடைபட்டுக் கடையில் தொங்கிற்று. இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை என்பதே இதன் கொடுமை. எல்லாரும் சட்டப்படியே எடுத்தார்கள். எல்லாரும் சேர்ந்து வற்றச் செய்தார்கள்.

இந்தப் பாடம் இன்று விண்ணுக்கு ஏறுகிறது. ஆழத்திற்குப் பதில் உயரம். மோட்டாருக்குப் பதில் ராக்கெட். மற்றபடி கதை ஒன்றே. முந்தி வந்தவன் நல்ல பள்ளத்தைப் பிடிப்பான். சுற்றிலும் ‘பாதுகாப்பு வட்டம்’ போடுவான். பிந்தி வருபவன் வட்டத்திற்கு வெளியே நிற்பான். ராக்கெட்டே இல்லாத நாடுகள், அதாவது உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை, கடைமடை உழவனைப்போல் வாய்க்காலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கல்லில் எழுதிய விடை

இதற்கு மாற்று உண்டா? உண்டு. அதைத் தேடி ஜெனீவாவுக்கும் நியூயார்க்குக்கும் போகுமுன், உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரைப் படித்தால் போதும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் இவ்வூர்ச் சபையார் எழுதிவைத்த ஏற்பாடுகள் அவை. குடவோலைத் தேர்தலுக்காக அவற்றைப் போற்றாதவர் இல்லை. ஆனால் அந்தத் தேர்தல் எதற்காக என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சபை தேர்ந்தெடுத்த குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம், அறுவர் கொண்டது. பல்லவர் காலத்தில் வெட்டிய வயிரமேக தடாகம் என்னும் பேரேரியை நம்பி வாழ்ந்த ஊர் இது. ஏரி பொது, ஆகவே காவல் வேண்டும். காவலனும் மனிதன், ஆகவே காவலனுக்கும் காவல் வேண்டும். இந்த எளிய உண்மையைச் சபையார் விதிகளாக வடித்தார்கள். வாரியத்தில் இருப்பது முந்நூற்று அறுபது நாள் மட்டுமே. ஒருமுறை இருந்தவன் மூன்றாண்டு கழிந்தாலன்றி மீண்டும் வர இயலாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் தகுதியிழப்பான். அவன் மட்டுமல்லன், அவனுடைய நெருங்கிய உறவினரும் இழப்பர். பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கு இடமில்லை. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது இன்னதென்றறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். முந்தியவனுக்கு என்றில்லை, வலியவனுக்கு என்றில்லை.

அந்தச் சபையை நாம் பொற்காலமாக வரைந்து காட்டப் போவதில்லை. அது வேதம் கற்ற அந்தணர் சபை. சொந்த நிலமும் சொந்த மனையும் உள்ளவர்க்கே அதில் இடம். பெண்களுக்கு இடமில்லை. ஏரிக்கரையில் மண் சுமந்தவனுக்கும், இரவில் மடை திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இதைச் சொல்லாமல் உத்திரமேரூரைப் புகழ்வது பாதி உண்மை. ஆனால் இந்தக் குறையே நம் வழக்கிற்கு வலு சேர்க்கிறது. நில உடைமையாளர் மட்டும் கூடி நீரைப் பங்கிட்ட அந்தச் சபையைப்போல, ராக்கெட் உடைமையாளர் மட்டும் கூடி நிலவைப் பங்கிடும் சபைதான் இன்று உருவாகிறது. அந்தப் பழைய சபையின் குறை முழுவதும் இதில் இருக்கிறது; அதன் நிறை ஒன்றுகூட இல்லை. தவணைக் காலமில்லை, கணக்குக் காட்டும் கடமையில்லை, குடவோலையும் இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு சிற்றூர்ச் சபையைவிடக் கீழான விதிகளோடு மானிடம் விண்ணேறலாமா?

மறுப்புரைகளுக்கு விடை

“இலாபம் இல்லையென்றால் யார் போவார்?” என்பார்கள். வாயேஜர் எந்த இலாபத்திற்குப் போயிற்று? காசினி எந்தச் சந்தைக்குச் சரக்கு கொண்டுவந்தது? 386 கோடி ரூபாயில் நிலவுநீரைக் கண்டுகொள்ள வழி செய்த சந்திரயான்-1 எந்தப் பங்குதாரருக்கு ஈவுத்தொகை தந்தது? இதுவரை பனி நிலவுகளைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் மக்களின் வரிப்பணத்தால் அறிந்தது. பொதுப்பணத்தில் வழி கண்டபின் தனியார் வந்து கதவுக்குப் பூட்டுப் போடுவது என்ன நியாயம்?

“அப்படியானால் அங்கே போகிறவன் ஒரு வாய் நீரும் குடிக்கலாகாதா?” என்றும் கேட்பார்கள். வழிப்போக்கன் ஏரியில் இறங்கிக் கையால் அள்ளிக் குடிப்பதை எந்த ஊரும் தடுத்ததில்லை. லாரி கொண்டுவந்து உறிஞ்சுவதையே தடுக்கச் சொல்கிறோம். போன இடத்தில் உயிர்வாழவும் ஆய்வு நடத்தவும் எடுப்பது வேறு. விற்பதற்கு எடுப்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சட்டம் படித்தவர்கள் அறிவிழந்துவிடவில்லை.

“இதெல்லாம் நடவாத கனவு; வல்லரசுகள் ஒத்துக்கொள்ளா” என்பது மூன்றாவது. நடந்திருக்கிறதே! உலகின் பனிக்கட்டியில் மிகப் பெரும்பகுதியைத் தாங்கிய அண்டார்க்டிகா எவருடைய ஆளுகைக்கும் முற்றாக உட்படவில்லை. 1959-இல் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். 1991-இல் அங்கே கனிமம் தோண்டவே தடை விதித்தார்கள். அங்கே மைத்ரி, பாரதி என்னும் நிலையங்களை நாமும் வைத்திருக்கிறோம். எவரும் கரியோ எண்ணெயோ வெட்டியெடுக்கவில்லை. புவிநிலை வட்டப்பாதையில் செயற்கைக்கோள்களுக்கான இடங்களை முந்தியவர்களே பிடித்துக்கொண்டிருந்தபோது, ஏழை நாடுகள் குரல் கொடுத்தன. 1988-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் அங்கே ஒரு பங்கையேனும் ஒதுக்கிவைக்கும் திட்டம் உருவாயிற்று. அன்று ராக்கெட் இல்லாத நாட்டுக்கும் விண்ணில் பங்கு உண்டென்று எழுதிக்கொள்ள முடிந்ததென்றால், நிலவின் பள்ளத்தில் ஏன் முடியாது?

அனைத்தினும் மேலாக, அறிவியலாரே நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். 2003-இல் கலிலேயோ விண்கலத்தின் எரிபொருள் தீரும் நிலை வந்தபோது, அது என்றேனும் யூரோப்பாவில் மோதி, புவியிலிருந்து ஒட்டிச் சென்ற நுண்ணுயிரால் அந்தக் கடலைக் கெடுத்துவிடக்கூடாது என்றஞ்சி, அதை வியாழனுக்குள் செலுத்தி எரித்தார்கள். 2017-இல் காசினியையும் அவ்வாறே சனிக்குள் செலுத்தி முடித்தார்கள். அங்கே உயிர் உண்டா என்று எவருக்கும் தெரியாது. இருக்கலாம் என்ற ஐயம் ஒன்றுக்காகவே, உழைத்துக் கட்டிய கலத்தைத் தியாகம் செய்தார்கள். தான் தொடாத நீரையும் தூயதாக விட்டுவைக்க வேண்டும் என்னும் இந்த அறம், ஏரிக்கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிய நம் முன்னோரின் அறத்திற்கு உடன்பிறந்தது. விண்வெளியின் எதிர்காலம் இவர்கள் காட்டிய வழியிலா, ஒரு டாலர் வியாபாரிகள் காட்டும் வழியிலா என்பதே இன்றுள்ள வழக்கு.

இந்தியா பேச வேண்டும்

இந்த வழக்கில் வாய் திறக்கும் தகுதி வேறெந்த நாட்டையும்விட இந்தியாவுக்கு அதிகம். நிலவுநீரைக் கண்ட கலம் நம்முடையது என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் தும்பாவில் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில், விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டபடி, கேரளக் கரையில் இருந்த அந்த மீனவச் சிற்றூர் தன் நிலத்தையும் புனித மகதலேன் மரியாள் ஆலயத்தையும் ராக்கெட் தளத்திற்கு விட்டுக்கொடுத்தது. அதற்கு முன்னின்றவர் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா. ஆலயமே அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. 1968 பிப்ரவரி 2 அன்று அந்தத் தளத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு, எல்லா நாடுகளின் அமைதிப் பணிக்கென, பிரதமர் இந்திரா காந்தி அர்ப்பணித்தார். ஏழை மீனவர் விட்டுக்கொடுத்த மண். உலகுக்கே பொதுவாக்கிய தளம். நம் விண்வெளிப் பயணத்தின் அடிக்கல் இதுதான். அந்த அடிக்கல்லின் மேல் ‘எடுத்தவனுக்கே சொந்தம்’ என்னும் கட்டடத்தை எழுப்ப அனுமதிக்கலாமா? தும்பாவின் மீனவரும், இன்று குலசேகரப்பட்டினத்தில் புதிய தளத்திற்கு நிலம் விட்டவர்களும், வரி கட்டும் ஒவ்வொரு கூலித் தொழிலாளியும் நிலவுநீரின் ஆயக்கட்டுக்காரர்கள். அவர்களைக் கேளாமல் அதை எழுதிக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை.

ஐக்கிய நாடுகள் அவையின் விண்வெளிக் குழுவில் இந்த வளங்கள் பற்றிய விதிகளை ஆராயப் பணிக்குழு ஒன்று அமைந்திருக்கிறது. அங்கே இந்தியா நான்கு செய்திகளை வற்புறுத்த வேண்டும். ஒன்று, கணக்கு: எவர் எங்கே எவ்வளவு எடுத்தார் என்பது உலகறியப் பதிவாக வேண்டும்; கணக்குக் காட்டாதவர்க்கு அடுத்த அனுமதி இல்லை. இரண்டு, தவணை: எந்தப் பாதுகாப்பு வட்டமும் நிலையான வேலியாகிவிடாமல் குறித்த காலத்தில் காலாவதியாக வேண்டும். மூன்று, குடவோலை: ஒரே இடத்திற்குப் பலர் போட்டியிட்டால் முந்தியவர்க்கு என்றில்லாமல் திருவுளச்சீட்டால் முடிவாக வேண்டும், ராக்கெட் இல்லாத நாட்டின் பெயரும் அந்தக் குடத்தில் இருக்க வேண்டும், அதன் முறை வந்தால் போகத் தெரிந்தவனோடு பங்கு பேசிக்கொள்ளட்டும். நான்கு, காப்பு: சில பள்ளங்களையேனும் எவரும் தொடாமல் பின்வரும் தலைமுறையின் அறிவுக்காக விட்டுவைக்க வேண்டும், உயிர் இருக்கக்கூடும் என்று ஐயுறும் யூரோப்பா, என்செலடஸ் கடல்களில் வணிகத்தின் கை என்றுமே படலாகாது.

இவற்றை உலக அரங்கில் சொல்லும் நாட்டுக்கு வீட்டிலும் ஒரு கடமை உண்டு. வரத்துக் கால்வாயை மீட்காமல், தண்ணீர் லாரியின் கணக்கைக் கேட்காமல், நிலவுக்கு மட்டும் அறம் பேசினால் உலகம் சிரிக்கும். தேநீர்க் கடை ஏளனத்தில் பொதிந்திருக்கும் உண்மை இவ்வளவுதான். அந்த அளவுக்கு அதற்கு மதிப்புத் தருவோம். நிலவின் நீர் வேறு, வயிரமேக தடாகத்தின் நீர் வேறு அன்று. இரண்டும் எவரும் உண்டாக்காதவை. இரண்டும் எல்லாருக்கும் வேண்டியவை. குடத்தை மொள்ளும் முன்பே கரையில் கூடி விதி எழுதியது நம் ஊர். மொண்டு முடித்தபின் கூடுவதற்கு அங்கே கரையும் இராது, நீரும் இராது.